மூலிகைக் கட்டுரையின் ‘ஆதலால்’: மாங்கேணித் தாவரங்கள் சிலவற்றை முன்வைத்து ஒரு விமர்சனக் குறிப்பு

தமிழிலே மருத்துவ மூலிகைகள் பற்றி எழுதப்பெறும் கட்டுரைகளுக்கென ஒரு வாய்பாடு நிலைபெற்றுவிட்டது. முதலிலே தாவரத்தின் தமிழ்ப் பெயரும் இலத்தீன் பெயரும் தரப்படும். அடுத்து அதில் அடங்கியுள்ள இரசாயனச் சேர்வைகள் நிரற்படுத்தப்படும்: அல்கலோயிட்டுகள், பிளேவனோயிட்டுகள், தனின்கள், சப்போனின்கள், இத்தியாதி. ஈற்றிலே அது தீர்க்கும் நோய்கள் வரும். அவை பெரும்பாலும் நீரிழிவிலே தொடங்கிப் புற்றுநோயிலே முடியும். இவ்விரு பட்டியல்களையும் இணைப்பது ‘ஆதலால்’ என்ற ஒரு சொல். சில கட்டுரைகளில் அச்சொல் வெளிப்படையாக நிற்கும். பலவற்றில் தொக்கு நிற்கும். அந்த ‘ஆதலால்’ எவ்வளவு பாரத்தைத் தாங்கவல்லது என்பதை ஆராய்வதே இங்கு எமது நோக்கம்.

இஃது இரசாயனவியலார்க்கும் மருத்துவர்க்கும் உரிய பணியன்றோ, தமிழ்ச் சங்க ஏடொன்றில் இதற்கு என்ன இடம் என வினவுவோர் இருப்பர். மூலிகைக் கட்டுரை ஓர் உரைநடை வகை. அதற்கென மரபும், மொழியும், வாசகரும் உளர். அந்த வாசகர் வாசித்தவாறே நிற்பதில்லை. பறித்து, அவித்துக் குடிக்கின்றனர். ஒரு நாவலின் தருக்கத்திலே காணப்படும் ஓட்டை வாசகரின் சுவையைக் கெடுக்கும். இவ்வகைக் கட்டுரையிற் காணப்படும் ஓட்டை அவரது ஈரலைக் கெடுக்கக்கூடும். சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் செலவிட்ட விமர்சன உழைப்பிலே ஒரு சிறு பகுதியையேனும் இவ்வகை எழுத்துக்கு எமது விமர்சகர் செலவிட்டிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

‘ஆதலால்’ என்பதன் முதற் குறைபாடு மிக எளிதானது. பிளேவனோயிட்டுகள் பச்சை இலைகளில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் உள்ளவை. முருங்கையில் உண்டு, கத்தரியில் உண்டு, வயலிலிருந்து களைந்து வரம்பிலே எறியும் புல்லிலும் உண்டு. எங்கும் உள்ள ஒன்று ஒரு தாவரத்தின் தனிச்சிறப்பை விளக்கமாட்டாது. இரண்டாவது குறைபாடு சற்று நுட்பமானது. சோதனைக் குழாயிலே ஒரு சேர்வை ஒரு நுண்ணுயிரைக் கொல்வதும், அதே சேர்வை உண்டவரின் குடலைக் கடந்து, ஈரலின் சிதைப்பிலிருந்து தப்பி, குருதியிலே போதிய செறிவில் நின்று செயற்படுவதும் ஒன்றல்ல. மஞ்சளிலுள்ள குர்க்குமின் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளுக்குப் பொருளான இச்சேர்வை பற்றி 2017ஆம் ஆண்டில் மருத்துவ இரசாயன ஆய்விதழொன்றில் வெளிவந்த மீளாய்வு, அது உடலிலே மிகச் சொற்பமாகவே உறிஞ்சப்படுகின்றது என்பதையும், சோதனை முறைகளையே ஏமாற்றிப் பொய்யான விடை தரவல்ல மூலக்கூறு அது என்பதையும் எடுத்துக்காட்டியது. மஞ்சளின் பயன் இதனால் இல்லையென்றாகிவிடாது. மஞ்சளைப் பற்றி எழுதியோர் நிறுவியதாக எண்ணிய ஒன்றை நிறுவவில்லை என்பதே இதனாற் பெறப்படுவது.

இவ்வாய்பாடு எங்கிருந்து வந்தது? எமது மரபிலே இது இல்லை. 1936இல் க. ச. முருகேச முதலியார் தொகுத்த குணபாட மூலிகை வகுப்பிலே ஒவ்வொரு சரக்கும் சுவை, தன்மை, பிரிவு, செய்கை என்ற வரிசையிற் கூறப்படும். யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்பெறும் பரராசசேகரத்தை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலே பதிப்பித்தார். அந்நூலும் நோயின் குறியிலிருந்து கிரியைக்குச் செல்வது. இன்ன சரக்கு, இன்ன எடை, இன்னவாறு காய்ச்சுக என்பதே அதன் போக்கு. மறுபுறத்திலே, 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன் மேலைமருத்துவத்தைத் தமிழிற் கற்பிக்க முனைந்து, 1875இல் ‘கெமிஸ்தம்’ என்ற இரசாயன நூலையும் தந்தார். ஆக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக் காற்பகுதியிலேயே தமிழில் இரு மருத்துவ மொழிகள் அருகருகே இருந்தன. அவை ஒன்றையொன்று வினவிக்கொள்ளும் ஓர் எழுத்து வளர்ந்திருக்கலாம். அவ்வாறு வளரவில்லை. கல்வி ஆங்கிலத்துக்குச் சென்றது. மருத்துவம் அரச வைத்தியசாலைக்குச் சென்றது. குணபாடம் பரிசாரியாரின் வீட்டுத் திண்ணையில் தங்கிற்று. பின்னர் தேசிய உணர்வு எழுந்து பழமையை மீட்க முற்பட்டபோது, திண்ணையிலிருந்து நோய்ப் பட்டியலும் ஆய்வுகூடத்திலிருந்து சேர்வைப் பட்டியலும் எடுத்து ஒட்டப்பட்டன. ஒட்டப்பட்டபோது இரண்டிலும் உயிரானவை கழிந்துபோயின. குணபாடத்திலிருந்து செய்முறை போயிற்று. இரசாயனத்திலிருந்து அளவு போயிற்று.

பொதுப்படக் கூறுவதால் இதனை விளக்கமுடியாது. ஆதலால் (இச்சொல்லை நாமும் தவிர்க்க இயலவில்லை) ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம்.

மாங்கேணி மட்டக்களப்புக்கு வடக்கே, திருகோணமலை வீதியிலே, கோறளைப்பற்று வடக்கு எனப்படும் வாகரைப் பிரதேசத்தில் உள்ளது. ஒரு புறம் கடல், மறுபுறம் வாவியும் சதுப்பும் காடும். இடையே மணற்பாங்கான நிலம். 2004ஆம் ஆண்டின் கடற்கோளையும், 2006ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2007ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் நிகழ்ந்த போரையும் இடப்பெயர்வையும் இப்பிரதேசம் கண்டது. மாவையும் கேணியையும் சேர்த்து ஊர்ப்பெயருக்குப் பொருள்கொள்ள இடமுண்டு. வடக்கே அடுத்துள்ள பனிச்சங்கேணியின் பெயரிலே பனிச்சை மரம் இருக்கின்றது.

பனிச்சையிலேயே தொடங்கலாம். அதன் காய் கடுந்துவர்ப்புடையது. பருத்தி நூலால் வலை பின்னிய காலத்திலே மீனவர் அக்காயை இடித்து ஊறவைத்த சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்தினர். கடல்நீரில் நூல் விரைந்து உக்காதிருப்பதற்கு அது உதவிற்று. இதற்குக் காரணமான சேர்வைகள் தனின்கள். தனின்கள் புரதங்களைப் பற்றிப் பிணைப்பவை. பச்சைப் பனிச்சங்காயையோ பாக்கையோ கடித்தால் நா இறுகுவது ஏன்? உமிழ்நீரிலுள்ள புரதங்களைத் தனின்கள் பிணைத்துவிடுவதால். தோல் பதனிடுவதும் இதே வினைதான். வயிற்றோட்டத்துக்கும் குருதிப்போக்குக்கும் துவர்ப்புச் சரக்குகளைக் குணபாடம் விதிப்பதை இப்பின்னணியில் வாசித்தால், ‘துவர்ப்பு’ என்ற சொல் வெறும் நாச்சுவையாக நில்லாது, ஒரு வகைச் சேர்வைகளை நாவினாலே இனங்காணும் முறையாகத் தெரியவரும். சுவையென்பது ஆய்வுகூடமில்லாதவரின் ஆய்வுகூடம். அது பிழைவிடும் ஆய்வுகூடமுமாகும்: கைப்பு என்ற ஒரே சுவைக்குள்ளே மருந்தும் கொடுநஞ்சும் அடங்கிவிடுகின்றன. மூலிகைக் கட்டுரையாளர் ‘பனிச்சையில் தனின்கள் உள்ளன’ என எழுதும்போது தவறேதும் எழுதவில்லை. துவர்ப்பு என்ற சொல்லையும், வலையையும், நாவையும் அவர் ஒன்றாக நிறுத்தியிருந்தால் இரு மருத்துவ மொழிகளும் சந்திக்கும் இடம் அவருக்கு வாய்த்திருக்கும். அவர் வெற்றுப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்.

அடுத்தது மரமுந்திரிகை. மாங்கேணி மரமுந்திரிகைத் தோட்டம் கிழக்கிலுள்ளோர் நன்கறிந்தது. இங்கு முதலில் ஒரு பெயர்ச் சிக்கலைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டார் இன்று முந்திரி என்பது மரமுந்திரிகையை. ஈழத்தில் முந்திரிகை எனின் திராட்சைக் கொடி. பழைய மருத்துவ நூல்களிலும் முந்திரிகை என்பது கொடியைக் குறிப்பதே பெருவழக்கு. மரமுந்திரிகையோ பிறேசிலிலிருந்து பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயரால் இந்தியக் கரைக்குக் கொண்டுவரப்பட்ட மரம். இதனை அறியாது, திராட்சையின் குணத்தைப் பழம்பாடலிலிருந்து எடுத்து மரமுந்திரிகையின் சேர்வைப் பட்டியலுக்கு அருகே வைப்போரும் உளர். பாடபேதம் பார்க்கப் பயின்ற தமிழ்த்துறையினர் இவ்வகைக் கட்டுரைகளைப் பார்த்திருந்தால் இத்தவறு ஒரு நாழிகையிலே தீர்ந்திருக்கும்.

மரமுந்திரிகைக் கொட்டையின் கோதிலே ஒரு கரிய எண்ணெய் உண்டு. அதன் முதன்மைச் சேர்வைகள் அனக்காடிக் அமிலங்கள், காடோல், காடனோல் என்பன. அனக்காடிக் அமிலம் வெப்பமேறும்போது காபனீரொட்சைட்டை இழந்து காடனோலாக மாறும். வறுத்த கோதின் எண்ணெயில் காடனோல் மிகுவது இதனாலேயே. நீண்ட காபன் தொடரொன்றை வாலாகக் கொண்ட இப்பீனோல் வகைச் சேர்வைகள் தோலிலே பட்டால் எரிந்து கொப்புளிக்கும். இது மரமுந்திரிகைக்கு மட்டும் உரியதன்று. மாங்காய்க் காம்பை முறிக்கையில் வடியும் பால் உதட்டைப் புண்ணாக்குவதும், சேங்கொட்டையின் நெய் உடலெங்கும் தடிப்பேற்றுவதும் இதே உறவுக்குழுச் சேர்வைகளால். மா, மரமுந்திரிகை, சேங்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். சேங்கொட்டையைச் சுத்தி செய்யாது சேர்த்தல் ஆகாது எனச் சித்த மருத்துவம் வற்புறுத்துவதன் பொருள் இங்கு விளங்கும்.

அனக்காடிக் அமிலங்கள் சில பற்றீரியாக்களை ஆய்வுகூடத்திலே கட்டுப்படுத்துகின்றன என்பது உண்மை; பற்சிதைவை உண்டாக்கும் நுண்ணுயிரும் அவற்றுள் ஒன்று. எமது கட்டுரையாளர் இவ்வுண்மையை விரும்பி எடுத்தாள்வர். அவர் எடுத்தாளாதது ஒன்று உண்டு. கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் பெண்ணின் கை. கைத்தொழிலாகக் கொட்டை உடைக்கப்படும் இடங்களிலெல்லாம், இலங்கையிலாயினும் கொல்லத்திலாயினும் பண்ணுருட்டியிலாயினும், விரல்நுனி கறுத்துத் தோலுரிவது அத்தொழிலின் அடையாளமாக இருந்துவந்துள்ளது. சாம்பலையும் எண்ணெயையும் பூசிக்கொள்வதே பெரும்பாலார்க்குக் கிடைத்த காப்பு. ஒரே மூலக்கூறு ஆய்வுகூடத்திலே ‘நுண்ணுயிர்க்கொல்லி’. தொழிற்சாலைக்குச் சென்றால் வாகனத் தடுப்புப் பட்டிக்கும் வண்ணப்பூச்சுக்கும் வேண்டிய மூலப்பொருள். உடைப்பவள் கையிலே புண். முதலாவதை மருத்துவப் பயன் என்றும், இரண்டாவதைக் கைத்தொழிற் பயன் என்றும் எழுதி, மூன்றாவதை எழுதாது விடும் கட்டுரை விஞ்ஞான நடுநிலையுடையது எனத் தோன்றலாம். யாருடைய உடலின் மேல் நிகழ்ந்ததை அது கணக்கிலெடுக்கவில்லை என்று பார்த்தால் அந்த நடுநிலை எத்தரப்பைச் சார்ந்தது என்பது புலப்படும். ஒரு தாவரத்தின் வேதிப்பொருள்களைப் பற்றிய மிக நீண்டகாலச் சோதனை அத்தாவரத்தோடு உழைப்போரின் உடலிலேயே நடந்துவருகின்றது. அச்சோதனையின் பெறுபேறுகளை நாம் நூலேற்றுவதில்லை.

மூன்றாவது தாவரத்தைத் தமிழ் மாணவர் எல்லோரும் அறிவர். குறிஞ்சிப்பாட்டிலே கபிலர் அடுக்கிய மலர்களுள் முதலாவதாக நிற்கும் காந்தள். கார்த்திகைப் பூ என்பது எமது வழக்கு. கிழக்குக் கரையோரப் பற்றைகளிலே மழைக்காலத்திற் படர்ந்து பூக்கும் இக்கொடி குறிஞ்சிக்கு மட்டும் உரியதன்று என்பதை மாங்கேணி மணலே சொல்லும். திணைமரபு ஒரு மலருக்குத் தந்த இருப்பிடமும், தாவரம் தானே தேர்ந்த இருப்பிடமும் வேறுவேறாதல் இலக்கிய மாணவர் சிந்திக்கத்தக்க செய்தி. அதனை இங்கு விரிப்பதற்கில்லை.

காந்தளின் கிழங்கு கலப்பை வடிவினது. கலப்பைக்கிழங்கு என்ற பெயரும் அதனால் வந்தது. கிழங்கிலும் விதையிலும் கொல்ச்சிசின் என்ற அல்கலோயிட்டு உண்டு. ஐரோப்பியத் தாவரமொன்றிலிருந்து 1820இல் பிரெஞ்சு இரசாயனர் பெல்ற்றியரும் கவென்ருவும் பிரித்தெடுத்த பொருள் இது. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழாய்களை அது அமையவிடாது. பிரிவு நடுவழியில் நின்றுவிடும். இவ்வொரு வினையே மருந்துக்கும் நஞ்சுக்கும் அடிப்படை. மிகச் சிற்றளவிலே வெண்கலங்களின் நடமாட்டத்தைத் தடுப்பதால் ஊளைச்சதையல்ல, மூட்டிலே யூரிக்கமிலம் படிந்து வரும் கடுவாதத்தின் வீக்கமும் வலியும் தணிகின்றன. அளவு சற்றே மிஞ்சின், உடலிலே விரைந்து பிரியும் கலங்கள் முதலில் விழும்: குடலின் உட்படை, என்புமச்சை, மயிர்வேர். கிழங்கை வற்றாளையென மயங்கி அவித்துண்டோர் வாந்தியும் வயிற்றோட்டமுமாய் வைத்தியசாலைக்கு வந்ததையும், உயிர் தப்பியோருக்குச் சில நாட்களின் பின் தலைமயிர் முழுதும் உதிர்ந்ததையும் இலங்கை மருத்துவர் பதிவுசெய்துள்ளனர். மருந்தளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையிலுள்ள தூரம் மிகக் குறுகியது.

இத்தகைய ஒரு தாவரத்துக்கு மூலிகைக் கட்டுரை எழுதுவது என்ன? ‘கார்த்திகைக் கிழங்கில் கொல்ச்சிசின் உள்ளது, ஆதலால் வாதத்துக்குச் சிறந்தது.’ இந்த வாக்கியத்திலே பொய் இல்லை. ஆனால் அதனை நம்பி ஒருவர் இறக்கக்கூடும். பழைய முறையோ கிழங்கைச் சீவி, உப்பிட்ட மோரிலே இரவில் ஊறவைத்து, பகலில் உலர்த்தி, இதனைப் பல நாள் திரும்பச் செய்த பின்னரே மருந்துக்குக் கொள்ளும். அவ்வாறு செய்தபின் எவ்வளவு கொல்ச்சிசின் கழிந்தது, எவ்வளவு எஞ்சியது என்பதே அளந்து காணவேண்டிய வினா. அளக்காதவரை அது வீட்டிலே செய்து பார்க்கத்தக்கதன்று. கிழங்கின் பேரால் எழுதுவோர் மரபைப் போற்றுவதாகக் கூறிக்கொண்டு, அம்மரபு மிக அஞ்சி வகுத்த பகுதியையே வெட்டிவிடுகின்றனர்.

கொல்ச்சிசினுக்கு இன்னொரு முகமும் உண்டு. தமிழ்நாட்டில் தாராபுரம், மூலனூர்ப் பகுதிகளிலே இது ஒரு வாணிபப் பயிர். பூ அவிழ்ந்த காலைப்பொழுதிலே மகரந்தத்தைக் கையால் எடுத்து ஒவ்வொரு பூவாகச் சேர்க்கும் வேலை அங்கு நடைபெறுகின்றது, விதை ஏற்றுமதியாகின்றது. அமெரிக்காவிலோ, பல்லாண்டுகளாகப் பத்துச் சதத்துக்கும் குறைவாக விற்ற கொல்ச்சிசின் மாத்திரை, 2009இல் ஒரு நிறுவனம் புதிய அங்கீகாரமும் தனியுரிமையும் பெற்றதைத் தொடர்ந்து ஐந்து டொலரை அண்மிற்று. மூலக்கூறு மாறவில்லை. தாவரமும் மாறவில்லை. சட்டப்படி அதனை விற்கத்தக்கவர் யார் என்பதே மாறிற்று. ‘மருத்துவப் பயன்’ என்ற தொடரில் பயன் யாருக்கு என்பதை எழுதாமல் விடும் உரிமை விமர்சகருக்கு இல்லை.

இவ்வளவு கூறிய பின், நாம் இரசாயனத்துக்கு எதிராகப் பேசுகின்றோம் என எவரும் கொள்ளக்கூடாது. பழமையை அப்படியே வழிபடுவோரும், பழமை முழுவதையும் மூடநம்பிக்கையெனத் தள்ளும் எமது முற்போக்கு நண்பர் சிலரும் ஒரே தவறைச் செய்கின்றனர்: இரு சாராரும் நூலை வாசிப்பதில்லை. வாசித்தவர் ஒருவரைக் காட்டலாம். 1970களின் தொடக்கத்தில் சீனத்திலே மலேரியாவுக்கு மருந்து தேடிய து யூயூவும் அவரது குழுவினரும் ‘சிங்ஹாவோ’ என்ற செடியைச் சோதித்தபோது பெறுபேறுகள் ஒருபடித்தாக அமையவில்லை. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த கோ ஹொங்கின் அவசர மருந்துக் கைநூலை அவர் மீண்டும் பார்த்தார். அங்கு செடியைக் காய்ச்சும்படி இல்லை. நீரிலே ஊறவைத்துப் பிழிந்து சாற்றைக் குடிக்கும்படி இருந்தது. வெப்பம் அச்செடியின் வீரியத்தை அழித்துவிடுகின்றதோ என ஐயுற்று, தாழ்ந்த வெப்பநிலையிலே ஈதரைக் கொண்டு வடித்தார். ஆட்டெமிசினின் கிட்டிற்று; 2015இல் நோபல் பரிசும் கிட்டிற்று. இங்கு பழநூல் தந்தது சேர்வையின் பெயரன்று, நோயின் பெயருமன்று; ஒரு வினைச்சொல். ‘காய்ச்சு’ என்பதற்குப் பதிலாக ‘பிழி’. தமிழ்த்துறையார் தொல்காப்பிய வினையியலைப் படிக்கும் கவனத்தோடு ஒருவர் மருந்து நூலின் வினைச்சொல்லைப் படித்தார் என்று இதனைக் கூறலாம்.

எமது நாட்டிலும் இத்தகைய தடயம் உண்டு. நீரிழிவுக்குக் கொத்தலஹிம்புட்டு என்ற கொடியின் கட்டையைக் குடைந்து குவளையாக்கி, இரவு முழுதும் நீர் விட்டு வைத்து, காலையிற் குடிப்பது சிங்கள மக்களின் வழக்கம். காய்ச்சுவதில்லை, எண்ணெயிலே சேர்ப்பதுமில்லை. 1997இல் யப்பானிய ஆய்வாளர் அதிலிருந்து பிரித்தெடுத்து சலாசினோல் எனப் பெயரிட்ட சேர்வை நீரிற் கரைவது. மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்களைக் குடலிலே தடுப்பது. குவளை அத்தனையையும் முன்னரே சொல்லிக்கொண்டிருந்தது. அதனைக் கேட்டவர் கியோத்தோவில் இருந்தனர் என்பது எமக்குச் சற்று வெட்கம் தரவேண்டிய செய்தி.

கேட்பது யார், கொடுத்தவருக்கு என்ன கிடைத்தது என்ற வினா இங்கு தானாகவே எழுகின்றது. மஞ்சளாற் புண்ணாற்றுவதற்கு 1995இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை, இந்திய விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சி மன்றத்தின் எதிர்ப்பால் 1997இல் நீக்கப்பட்டது. வேம்பின் மீது ஐரோப்பாவில் 1994இல் வழங்கப்பட்டதொன்று 2000இல் நீக்கப்பட்டு, மேன்முறையீடும் 2005இல் தள்ளுபடியாயிற்று. இவ்வெற்றிகளைத் தமிழ்க் கட்டுரையாளர் பெருமையுடன் எழுதுவர். மஞ்சள் வழக்கிலே எழுதப்பட்ட நூல் கைவசம் இருந்தமையாலேயே வெற்றி கிட்டிற்று என்பதை மறந்துவிடுவர். நூலில் ஏறாத அறிவின் கதை வேறு. 1987இல் அகத்தியமலைக் காணிக்காரர், காட்டிலே களைப்பு நீங்கத் தாம் தின்னும் காயொன்றைத் தம்முடன் வந்த தாவரவியலாளருக்குக் காட்டினர். ஆரோக்கியப்பச்சை எனும் அச்செடியிலிருந்து ‘ஜீவனி’ என்ற மருந்து உருவாகி, 1995இல் கோயம்புத்தூர் நிறுவனமொன்றுக்கு உரிமம் வழங்கப்பட்டது. உரிமக் கட்டணத்திலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிக்காரர்க்கு என ஏற்பாடாயிற்று. 1997இல் அவர்களுக்கென நம்பிக்கைப் பொறுப்பொன்றும் அமைந்தது. குறைபாடுகள் பல கூறப்பட்டபோதும் இத்தகைய பங்கீட்டுக்கு உலகிலே முன்னோடியாக எண்ணப்படுவது இது. அச்செடியின் இலத்தீன் பெயரின் ஈற்றுச்சொல் ‘செய்லானிக்கஸ்’. இலங்கைக்குரியது என்பது பொருள்.

வாகரைப் பிரதேசத்திலே தமிழ் பேசும் கரையோர வேடர் வாழ்கின்றனர். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல் அவர்களைப் பற்றியும் பேசுகின்றது. மானிடவியலார் அவர்களிடம் வழிபாட்டையும் குலமுறையையும் கேட்டுச் சென்றனர். திறைமன் 1893 முதல் வெளியிட்ட இலங்கைத் தாவர நூல் தமிழ்ப் பெயர்களைத் தந்தது. ஜயவீரவின் மருத்துவத் தாவர நூல் 1981, 1982ஆம் ஆண்டுகளில் ஐந்து பாகங்களாக வந்தது. எந்தத் தமிழ்ப் பெயர், யாருடைய வாயிலிருந்து, எந்த ஊரில் என்ற வினாவுக்கு இத்தகைய நூல்களின் வரிசையமைப்பிலே இடமில்லை. பெயர் கொடுத்தவர் பெயரற்றவராகின்றார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதலும், திருகோணமலை வளாகத்தில் 2008 முதலும் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்பட்டு வருகின்றது. அம்மாணவருக்கும் தமிழ் மாணவருக்கும் கூட்டாகக் களப்பணி தருவது பெருஞ்செலவுக்குரியதன்று.

இறுதியாக, ‘ஆதலால்’ என்ற சொல் சரியாகவே அமைந்த ஓர் இடத்தையும் குறிப்பிடவேண்டும். மஞ்சள் அலரி வடக்கிலும் கிழக்கிலும் வேலியோரங்களிலே பூக்கும் செடி. அதன் நஞ்சு இதயத்தைத் தாக்கும் கிளைக்கோசைட்டு வகைச் சேர்வைகள். 1785இல் வில்லியம் விதறிங் எழுதிய நூலால் இதய மருந்தாகப் புகழ்பெற்ற ஐரோப்பியச் செடியின் சேர்வைகளுக்கு இவை நெருங்கிய உறவு. அம்மருந்து மிஞ்சியோருக்கென மேலைநாட்டில் செம்மறியாட்டின் குருதியிலிருந்து ஆக்கப்பட்ட நஞ்சுமுறி, மூலக்கூற்று ஒற்றுமை காரணமாக, அலரி நஞ்சுக்கும் பயன்படுமா எனக் கொழும்பிலே முறையாகச் சோதித்துப் பார்த்தனர். பயன்பட்டது, 2000ஆம் ஆண்டில் அம்முடிவு வெளிவந்தது. சேர்வையின் அமைப்பு ஒன்று, ஆதலால் முறிமருந்தும் ஒன்று: ஊகித்து, அளந்து, நோயாளரிடத்திலே உறுதிப்படுத்தப்பட்ட ‘ஆதலால்’ இது. பின்னர் நிகழ்ந்ததையும் மருத்துவ ஏடுகள் பதிவுசெய்துள்ளன. விலை தாங்கவொண்ணாததாயிற்று; 2002இல் கையிருப்பு தீர்ந்தது; அலரி நஞ்சுண்டு வந்தோரில் இறப்போர் தொகை மீண்டும் ஏறிற்று. மருந்துகளின் விலையை மக்களின் கைக்கெட்டச் செய்வதற்கென 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை நிறுவிய சேனக பிபிலே 1977இல் மறைந்துவிட்டிருந்தார்.

மாங்கேணித் தாவரமொன்றைப் பற்றி எழுத முனையும் இளம் ஆய்வாளருக்கு ஒரு மாதிரிப் பதிவை இங்கு தருகின்றோம். மரமுந்திரிகை: பதினாறாம் நூற்றாண்டில் வந்த மரம், பழம்பாடல்களின் முந்திரிகை இதுவன்று. கோதின் எண்ணெயில் அனக்காடிக் அமிலங்கள், காடோல். வறுத்தால் முன்னையது காடனோலாகும். ஆய்வுகூடத்திற் சில பற்றீரியாக்களைத் தடுக்கும். மனிதரில் மருந்தாக நிறுவப்படவில்லை. தோலைப் புண்ணாக்கும், மா, சேங்கொட்டை ஆகியவற்றின் நெய்யும் அவ்வாறே. உடைப்போர் பூசுவது சாம்பல், எண்ணெய். கூறியவர் பெயர், ஊர், உடைத்த ஆண்டுகள், நாளொன்றுக்குப் பெற்ற கூலி: இவ்விடங்களை நாம் வெறுமையாக விட்டிருக்கின்றோம், அவற்றை மாங்கேணியிலே கேட்டு நிரப்ப வேண்டும்.